பம்ப் எந்தப் பக்கம் சுற்றுகிறது?

மகனுக்கு,

இதை ஷெட்டில் நின்றுகொண்டு, ஒரு கையில் ஸ்பானரைப் பிடித்தபடி வாசிக்காதே. வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிவிட்டு, உட்கார்ந்து வாசி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நேரில் மூன்று முறை சொல்லிவிட்டேன். முதல் முறை நீ சிரித்தாய். இரண்டாம் முறை போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாய். மூன்றாம் முறை, "எம்மா, கல்யாண வேலை எவ்வளவோ கெடக்கு, அதப் பாரேன்" என்றாய். பத்திரிகை கொடுப்பது, மண்டபத்துச் சாப்பாடு, எஸ்தருக்குப் புடவை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவற்றில் எதிலும் யாருக்கும் உயிராபத்து இல்லை. உன் காரின் வாட்டர் பம்பில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

திருமணம் முடிந்த மூன்றாம் நாள் நீயும் எஸ்தரும் இந்தக் காரில் கொச்சிக்குப் புறப்படப் போகிறீர்கள். தென்காசி, செங்கோட்டை, அப்புறம் ஆரியங்காவு மலை ஏற்றம். பத்தாண்டுகளுக்கு மேல் நம் வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்குள் கிடந்த அப்பாவின் அம்பாசடரை நீ இரண்டு வருஷமாக லீவு நாளெல்லாம் செலவழித்து எழுப்பியிருக்கிறாய். பழைய என்ஜினைத் தூக்கிவிட்டு, விபத்தில் நசுங்கிப்போன வேறொரு காரின் பெட்ரோல் என்ஜினை வாங்கிப் பொருத்தினாய். உன் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த என்ஜினைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை நீயே அளந்து வரைந்த தாளைப் பார்த்தேன். என் மாணவிகளில் பாதிப் பேருக்கு அப்படி வரைய வராது. அதனால்தான் இவ்வளவு எரிச்சல் வருகிறது. சட்டத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவன், பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கடைக்குள் நுழைந்து, "இருக்கதுலயே பெருசா குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டிருக்கிறாய்.

ரேடியேட்டர் தண்ணீரை என்ஜினுக்குள் சுற்றவிட, முதலில் அந்த என்ஜினோடு வந்த பம்பே இருந்தது. அதோடு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மணிமுத்தாறு வரை ஓட்டிப் பார்த்தாய். அணை வரைக்கும் ஒன்றுமில்லை. அருவிக்கு ஏறும் வழியில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. திரும்பி வந்ததும், சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டீர்கள். இந்த ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று மெக்கானிக் தங்கராஜ் அண்ணாச்சி சொன்னாராம். அதற்கும் சரியாகவில்லை. ரேடியேட்டரைப் பெரிதாக்கினீர்கள். பிறகு இன்னும் பெரிய இறக்கை உள்ள பம்ப். அதுவும் ஏற்றத்தில் கொதித்தது. இப்போது மூன்றாவதாக, மதுரையிலிருந்து வரவழைத்த அலுமினியப் பம்ப். பளபளவென்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதைப் பொருத்தி, ஷெட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டு, வண்ணார்பேட்டை வரை ஒரு சுற்றுப் போய் வந்து, சரியாகிவிட்டது என்று முடிவு செய்துவிட்டாய். சமதரையில் இதற்கு முன் இருந்த இரண்டு பம்புகளும் சரியாகத்தானே ஓடின? தேர்வில் ஏற்கெனவே விடை தெரிந்த கேள்வியை மட்டும் எழுதிவிட்டுத் தேறிவிட்டேன் என்று சொல்வது போல இருக்கிறது.

போன வியாழக்கிழமை மதியம் உனக்குச் சாப்பாடு கொண்டு வந்தேனே, அன்றுதான் பார்த்தேன். பானெட் திறந்திருந்தது, அப்போதுதான் போட்ட என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த என்ஜினில் பம்புக்கென்று முதலில் தனிப் பெல்ட் ஒன்று இருந்தது. மணிமுத்தாறுக்கு ஓட்டிப் பார்க்கும் முன்பே, எஸ்தருக்காக ஏசி வைத்தபோது அதைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் சுற்றி வரும் நீளமான ஒரே பெல்ட்டாக மாற்றினாய். பெல்ட்டின் உள்பக்கம் வரிவரியாக இருக்கிறது, முதுகு வழவழப்பாக இருக்கிறது. ஏசி கம்ப்ரஸரின் சக்கரத்தையும் மற்றவற்றையும் பெல்ட்டின் வரிப்பக்கம் பிடித்துச் சுற்றுகிறது. பம்பின் சக்கரத்தை மட்டும் முதுகுப்பக்கம் தொட்டுக்கொண்டு போகிறது. முதுகு தொட்டுச் சுற்றினால் அந்தச் சக்கரம் எதிர்ப்பக்கம்தான் சுற்றும். இதற்குப் படிப்பே வேண்டாம், இரண்டு நிமிஷம் நின்று பார்த்தால் போதும். கழற்றிப்போட்ட இரண்டாவது பம்ப் மேசைமேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் இறக்கைத் தட்டில் இறக்கைகள் பழைய பெல்ட்டின் திசைக்காக வளைந்திருந்தன. புதியதும் அதே என்ஜினுக்கு, அதே பழைய பெல்ட்டுக்காகச் செய்யப்பட்டதுதானே என்று கேட்டேன். ஆமாம் என்றாய். அப்படியென்றால் உன் காரில் மூன்று பம்புகளுமே தலைகீழாகச் சுற்றியிருக்கின்றன என்று சொன்னேன்.

அதன் பிறகு நடந்தது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. தங்கராஜ் அண்ணாச்சி ரேடியேட்டரின் வாய் வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். "தண்ணி ஓடுதா இல்லியா, அத மட்டும் பாருங்க டீச்சர். நாப்பது வருசமா இந்தத் தொழில்ல கெடக்கேன்" என்றார். தண்ணீர் ஓடத்தான் செய்தது. நீ உடனே சேர்ந்துகொண்டாய்.

"எம்மா, தப்பா சுத்துச்சுன்னா தண்ணி திரும்பிலா போவணும்? நேராத்தான வருது. புஸ்தகத்த மூடி வையி."

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று முழுவதுமாகச் சொல்ல விடவில்லை, அதனால் இப்போது சொல்கிறேன். இந்த வகைப் பம்ப் எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீரை வெளிப்பக்கமாகத்தான் வீசும். தண்ணீர் திரும்பி ஓடாது. வேண்டிய வேகத்தில் ஓடாது, அவ்வளவுதான். சமதரையில் அந்தக் கொஞ்சமே போதும். ஏற்றத்தில், ஏசியும் ஓடும்போது போதாது. நீ பம்பைப் பெரிதாக்கிக்கொண்டே போனாலும், பெரிய பம்ப் பெரிய அளவில் தவறாகச் சுற்றும். நான் சொன்னால் நம்ப மாட்டாய் என்றால் உன் வருங்கால மாமனாரைக் கேள். சேரன்மகாதேவியில் வாழை வைத்திருக்கிறாரே, அவரிடம் தண்ணீர் இறைக்கும் த்ரீ பேஸ் மோட்டார் இருக்கிறது. மின்வாரியக்காரர்கள் கம்பத்தில் வேலை பார்த்துவிட்டு லைனை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனால், அன்றைக்கு மோட்டார் எதிர்ப்பக்கமாக ஓடும், தண்ணீரும் வரும், ஆனால் வாய்க்கால் நிறையாது. அவர் மோட்டாரை மாற்றுவதில்லை. இதைவிடப் பெரிய மோட்டார் வாங்குவதும் இல்லை. ஸ்டார்ட்டரில் இரண்டு வயரை மாற்றிப் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்த ஆற்றுப் பாசனத்தில் விவசாயம் செய்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. என்ஜினியரிங் படித்த உனக்கும் நாற்பது வருஷத் தொழிலுள்ள அண்ணாச்சிக்கும் மட்டும், அதைச் சொன்னது நான் என்பதால், புரியவில்லை.

என் கோபம் முழுவதும் பம்பைப் பற்றியது இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். போன வாரம் அப்பா ஆற்றிலிருந்து ஒரு கேன் தண்ணீர் பிடித்து ஷெட்டுக்குக் கொண்டு வந்தார். புதுப் பம்புக்கு முதல் தண்ணீர் தாமிரபரணித் தண்ணீராக இருக்கட்டும் என்றார். நீ மறுபேச்சுப் பேசாமல் வாங்கி வைத்தாய். அவர் போனதும் கூலன்ட்டை ஊற்றினாய். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "எம்மா, ரேடியேட்டர்ல வெறும் தண்ணி ஊத்தக்கூடாதாம், உள்ள எல்லாம் துருப்பிடிச்சிருமாம், தெரியுமா?" என்று எனக்கே பாடம் எடுத்தாய். வீடியோவில் பார்த்தாயாம். அப்பாவின் மனம் நோகாமல் நடந்துகொள்ள உனக்குத் தெரிகிறது. முகம் தெரியாத ஒருவர் வீடியோவில் சொன்னால் கேட்கவும் தெரிகிறது. என்னிடம் வரும்போது மட்டும் இரண்டும் காணாமல் போய்விடுகின்றன.

ஆமாம், எனக்குத் தெரியும். நீ பிறந்த அடுத்த வருஷம் அப்பா இந்தக் காரை வாங்கியபோதே தெரியும். நம் ஊர்க்காரர்களுக்கு ஆற்றுத் தண்ணீர்மேல் இருக்கும் பெருமை உனக்குத் தெரிந்ததுதான். வெளியூருக்குப் போனால் கேனில் கொண்டு போவார்கள், திரும்பி வந்தால் அந்த ஊர்த் தண்ணீரைப் பழிப்பார்கள். அப்பா அதைக் காருக்கும் கொடுத்தார். வாராவாரம் குறுக்குத்துறையில் பிடித்து வந்து ரேடியேட்டரை நிரப்புவார். நான் அப்போது எம்.எஸ்சி. முடித்துக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரும்பும் பித்தளையும் சேர்ந்திருக்கும் இடத்தில் காற்றுக் கலந்த புதுத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தால் அரிக்கும், அதற்கென்று ஒரு திரவம் விற்கிறது, அதை வாங்கி ஊற்றுங்கள் என்று சொன்னேன். வீட்டுக்கு அவருடைய நண்பர்கள் வந்திருந்த சமயம் அது. அப்பா அவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க வீட்டு டீச்சருக்கு காருக்கும் கஷாயம் குடுக்கணுமாம் வே. ஊரே குடிக்குத தண்ணி, இதுக்கு மட்டும் ஒத்துக்கிடாதோ?"

அன்றும் எல்லாரும் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஐந்து நிமிஷத்தில் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பத்து வருஷம் அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேனைத் தூக்கிக்கொண்டு போவதை வாரந்தோறும் சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். எத்தனை நாளைக்கு என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். நான் அமைதியானவள் என்று உறவினர் எல்லாரும் என்னைப் பாராட்டுவார்கள். அந்த அமைதி பாராட்டுக்கு உரியதில்லை. அதில் பாதி அகம்பாவம். நீங்களே பட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்ற அகம்பாவம்.

உனக்குப் பதினொரு வயதில், காரையாறு அணைக்குப் போகும் மலைவழியில் வண்டி கொதித்து நின்றது உனக்கு நினைவிருக்கும். கார் வெடித்துவிட்டது என்றுதான் நீ பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னாய். வெடிக்கவில்லை. அப்பா பானெட்டைத் திறந்தார், துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். சூட்டில் அதைத் திறந்தால் என்ன ஆகும் என்று அந்த இடத்தில் நின்ற எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நான் அவரிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றேன். "கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னேன். ஒரே ஒரு தடவை, மெதுவாக, அவர் காதில் விழுந்தால் விழட்டும் என்பது போல. அவர் காதில் விழவில்லை. கையைப் பிடித்து இழுத்திருக்கலாம், கத்தியிருக்கலாம். பத்து வருஷமாக வாயை மூடிப் பழகியவளுக்கு அந்த நேரத்தில் சத்தம் வரவில்லை. இல்லை, உண்மையைச் சொல்வதென்றால், சத்தம் வரவில்லை என்பது நான் பிறகு எனக்காகக் கண்டுபிடித்துக்கொண்ட காரணம். அந்த ஒரு நொடியில் எனக்குள் இருந்தது கோபம்தான்.

மூடி திறந்ததும் பீறிட்ட கொதிநீரில் அப்பாவின் வலது கை முழங்கை வரை வெந்து, தோல் மாற்றி வைத்து, நாலு மாதம் ஆயிற்று. அதன் பிறகு அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. பம்பைக் கழற்றிய மெக்கானிக் என்னிடம் கொண்டு வந்து காட்டினார். இறக்கைகள் இருந்த இடத்தில் துருப்பிடித்த மேடுகள்தான் இருந்தன. என்ன தண்ணீரை ஊற்றினீர்கள் என்று கேட்டார். ஆற்றுத் தண்ணீர் என்றேன். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்கு இல்லை. அப்பாவிடம் இந்த நாள் வரை நான் இதைச் சொன்னதில்லை. அவருக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டப்போகிறேன். காட்டிவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பேன்.

இப்போது எதற்கு இதையெல்லாம் தோண்டுகிறேன் என்றால், வியாழக்கிழமை ஷெட்டிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து நான் நினைத்தது, "படட்டும்" என்பது. என் சொந்த மகனைப் பற்றி. போகட்டும், ஆரியங்காவு ஏறும்போது தெரியும், அப்போது அம்மா சொன்னது நினைவுக்கு வரும் என்று நினைத்தேன். சமாதானபுரம் வரும்வரை அந்த நினைப்பு எனக்கு இதமாகக்கூட இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான், அந்தக் காரில் பக்கத்து இருக்கையில் எஸ்தர் இருப்பாள் என்பது உறைத்தது. முந்தின நாள்தான் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவள், "அத்தை, கார்ல ஏசி வச்சிருக்காங்களாம்லா, எனக்காகத்தானாம்" என்று வெட்கத்தோடு சொன்னாள். அந்த ஏசிக்காகத்தான் பெல்ட்டின் வழி மாறியது என்று அவளுக்குத் தெரியாது. வண்டி கொதித்து நின்றால் நீ அப்பாவைப் போலத் துண்டைத் தேடுவாய். அவள் தண்ணீர்ப் பாட்டிலோடு உன் பக்கத்தில் வந்து நிற்பாள்.

இதைத் திருமண வாழ்க்கைக்கு உவமையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு உவமைகள் பிடிக்காது. நான் பம்பைப் பற்றித்தான் பேசுகிறேன். திருமணத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று, அதைத் தனியாகச் சொல்கிறேன். அவள் ஏதாவது சொன்னால், அது தவறாகவே இருந்தாலும், நாலு பேர் முன்னால் சிரிக்காதே. தனியாகச் சண்டை போடு, கத்து, அவளும் கத்துவாள், அது ஒன்றும் செய்யாது. சிரித்தால் அவள் பேசுவதை நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்திவிட்டால் உனக்கு அது தெரியவே தெரியாது. வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அப்பாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இனி செய்ய வேண்டியது. கூலன்ட்டை வடித்துவிட்டுப் பம்பைக் கழற்று. ஒரு நாள் வேலை, வண்டிக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது, கை படக்கூடாது என்று சொல்வாய். படட்டும். பெல்ட் எந்தப் பக்கம் சுற்றும் என்று பார், இறக்கைகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று பார். சுற்றும் திசைக்குப் பின்பக்கமாக அவை சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உனக்கு இரண்டு வழி இருக்கிறது. பெல்ட்டின் முதுகால் சுற்றுவதற்கென்றே செய்த பம்ப் இருக்கிறதா என்று கடையில் கேள். கேட்கும்போது எவ்வளவு பெரியது என்று கேட்காதே, எந்தப் பக்கம் சுற்றுவது என்று கேள். அது கிடைக்காவிட்டால் இன்னொரு சிறிய சக்கரத்தை வைத்துப் பெல்ட்டின் வழியை மாற்று, வரிப்பக்கம் பம்பில் படும்படி. மின்சாரப் பம்ப் வைத்துவிடலாம் என்று அண்ணாச்சி சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் காரணம் தெரியாமல் நாலாவது பம்பை வாங்காதே. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடு. முடித்துவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு மணிமுத்தாறு அருவி வரை ஏறிப் பார். நான் வேண்டுமானால் கூட வருகிறேன். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். அப்படியென்றால் தவறு என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்.

பார்க்காமல் விட்டுவிட்டால் நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொச்சிக்குப் புறப்படும் அன்று காலையில் வாசலில் நம் திருச்சபை ஐயர் வந்து ஜெபம் செய்வார். உன் மாமனார் வீட்டார் நிற்பார்கள், என் கல்லூரி ஆசிரியைகள் நிற்பார்கள், வீடியோ எடுக்கிறவரும் இருப்பார். நான் காரின் முன்னால் வந்து நிற்பேன். வகுப்பறைக்கு வெளியே நாலு பேர் முன்னால் நான் குரலை உயர்த்தி நீ பார்த்ததில்லை, அன்று பார்ப்பாய். என்ன பேசுவேன் என்பதை எழுதியே வைத்துவிட்டேன், தடுமாறிவிடக் கூடாது இல்லையா. அரைப் பக்கம்தான். அது உன்னிடம் சொல்வதாகக்கூட இல்லை. "எஸ்தர், நீ கீழ எறங்கும்மா" என்று தொடங்குகிறது.

அம்மா